கிழங்கு நடுற மாசத்துல மலை ஏறுறவங்க

எவரெஸ்ட் படம் பார்க்கிறவங்களுக்கு உச்சியில கொடியோட நிக்கிற ஆள்தான் கண்ணுல படுவார். எனக்கு என்னவோ, அவருக்கு முன்னாடியே போய் கயிறு கட்டி, ஏணி போட்டு, மூட்டை சுமந்த ஆளுங்க மேலதான் கண்ணு போகும். அவங்களும் நம்மள மாதிரி வெள்ளாமைக்காரங்க. நேபாளத்தின் கும்பு பகுதி ஷெர்பாக்கள் காலங்காலமாக பார்லியும் பக்வீட்டும் விதைத்து, யாக் மேய்த்துப் பிழைத்தவர்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் உருளைக்கிழங்கு அங்கே போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு கிழங்குதான் அவர்களுக்குச் சோறு.

மலைவேலை சீசன் வேலை. மழைக்காலம் தொடங்குவதற்கு முன், மே மாதத்தில் சில நாட்கள் உச்சியில் காற்று அடங்கும். அந்தச் சில நாட்களுக்காக ஏப்ரலிலேயே ஆட்கள் மேலே போய்விட வேண்டும். கும்புவில் கிழங்கு நடவும் அதே சமயம்தான். ஆம்பளைங்க மலைக்குப் போயிட்டா, கொத்துறதும் நடுறதும் வீட்டுப் பொம்பளைங்க தலையில விழும். எந்தப் புத்தகத்தின் அட்டையிலும் அந்தப் பொம்பளைங்க படம் வந்ததில்லை.

சரி, இந்த வேலையை அவங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? ரொம்ப காலத்துக்கு யாருமே இல்லை.

நம்ம ஊர்ல நடவுக்குப் புதுசா வர்ற பொண்ணை ரெண்டு கைதேர்ந்தவங்களுக்கு நடுவுல நிறுத்துவாங்க. பார்த்துப் பார்த்தே கை பழகிடும். நாத்து கோணலா போனா கொஞ்சம் திட்டு விழும், அவ்வளவுதான். ஷெர்பாக்களும் இப்படிப் பார்த்துப் பழகியவர்கள்தான். ஆனா அங்க கால் கோணலா போனா ஆளே இல்லை. அந்தக் காலத்தில் டார்ஜிலிங்கில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, உடம்பையும் முகத்தையும் பார்த்துப் பொறுக்குவார்கள். 1935இல் டென்சிங் நார்கே முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்ததும் அப்படித்தான். முன் அனுபவம் கிடையாது.

1922 ஜூன் 7 அன்று, எவரெஸ்ட்டின் வடக்குப் பக்கத்தில் புதுப்பனி விழுந்திருந்த சரிவில் ஏறிக்கொண்டிருந்தபோது பனிச்சரிவு வந்தது. ஏழு சுமைதூக்கிகள் செத்துப் போனார்கள். கூடப் போன வெள்ளைக்காரர்கள் மூன்று பேரும் பிழைத்தார்கள். அதில் ஒருவர் சோமர்வெல் என்ற டாக்டர். அந்தப் பயணத்துக்குப் பிறகு அவர் அன்றைய திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில், பல வருஷம் அறுவை சிகிச்சை செய்தார். அந்தப் பக்கத்துப் பெரியவங்களுக்கு இந்தப் பேர் தெரிஞ்சிருக்கலாம். எவரெஸ்ட் கதை தெரிஞ்சிருக்குமாங்கிறது சந்தேகம்தான்.

1937இல் நங்கா பர்பத்தில் ஒரே பனிச்சரிவில் பதினாறு பேர். அதில் ஒன்பது பேர் ஷெர்பாக்கள்.

1928இல் தொடங்கிய ஹிமாலயன் கிளப், ஷெர்பாக்களின் பெயர், போய்வந்த மலை, நடத்தை எல்லாவற்றையும் பதிவு செய்து வைத்தது. நல்ல வேலைக்காரருக்குப் 'புலி' என்று பதக்கமும் கொடுத்தது. மரியாதைதான், மறுக்கலை. ஆனா அது பிழைச்சு வந்தவனுக்குக் கொடுக்கிற சான்று. பிழைக்கிறதுக்கான படிப்பு இல்லை.

முறையான படிப்பு 1953க்குப் பிறகுதான் வந்தது. டென்சிங் உச்சி தொட்டதும் நேருவும் மேற்கு வங்க முதல்வர் பி. சி. ராயும் முனைந்து, 1954 நவம்பரில் டார்ஜிலிங்கில் மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அதற்கு முன் டென்சிங்கும் வேறு சில ஷெர்பாக்களும் சுவிட்சர்லாந்து போய், ஆர்னால்ட் கிளாட்ஹார்ட் என்ற மலை வழிகாட்டியிடம் பாடம் படித்தார்கள். யோசிச்சுப் பாருங்க, எவரெஸ்ட் ஏறி இறங்கின ஆளு மாணவரா போய் உட்காருறாரு! ஏறத் தெரிவது வேறு, சொல்லிக் கொடுக்கத் தெரிவது வேறு என்பது அவருக்குப் புரிந்திருக்கிறது. அப்படிப் போனவர்களில் ஒருவரான நவாங் கொம்புதான் பின்னாளில், 1963லும் 1965லும், எவரெஸ்ட்டை இரண்டு முறை ஏறிய முதல் மனிதர்.

ஆனால் டார்ஜிலிங் பள்ளியில் ஷெர்பாக்கள் ஆசிரியர்கள். படித்தவர்களில் பெரும்பாலோர் இந்திய இளைஞர்களும் ராணுவத்தினரும். எல்லைக்கு அந்தப் பக்கம் கும்புவில் கிழங்குக் காட்டை விட்டு ரெண்டு மாசம் மூட்டை தூக்கப் போறவனுக்கு அது எட்டாத தூரம். 1959க்குப் பிறகு திபெத்தோடு நடந்த உப்பு வியாபாரமும் நொடித்துப் போனதால், மலைவேலையை நம்புகிற வீடுகள் கூடிக்கொண்டே போயின. 1979இல் ஸ்லோவீனிய மலையேறி அலெஷ் குனாவெர் முயற்சியில் நேபாளத்தின் மனாங்கில் ஒரு பள்ளி வந்தது.

எனக்கு ரொம்பப் பிடித்தது 2003இல் கும்புவிலேயே, போர்ட்சே கிராமத்தில் தொடங்கியது. மலையேறி அலெக்ஸ் லோவ் 1999இல் திபெத்துப் பக்கம் பனிச்சரிவில் இறந்தார். அவர் மனைவி ஜெனிஃபரும், அதே சரிவில் தப்பிய நண்பர் கான்ராட் ஆங்கரும் அவர் நினைவாக ஆரம்பித்தது. வகுப்பு எப்போ தெரியுமா? குளிர்காலத்துல. கிழங்கு குழிக்குள்ள பத்திரமா இருக்கும், காடு உறைஞ்சு கிடக்கும், சுற்றுலாக்காரங்க வர மாட்டாங்க. அருவிகள் உறைந்து சுவராக நிற்கும், அதுதான் பயிற்சிக்களம். சம்சாரிக்கு எப்போ கை ஓயுதோ அப்போ பாடம் வெச்சாத்தான் அவன் வருவான். நம்ம ஊர்ல நடவு நேரத்துல பயிற்சி முகாம் போடுற ஆபீசருங்க இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

முடிச்சு, கயிறு இறங்குதல், பனிச்சரிவில் புதைந்தவரைத் தேடுதல், முதலுதவி. இவற்றோடு இங்கிலீஷும் உண்டு. இங்கிலீஷ் எதுக்குன்னு கேட்பீங்க. காசு கொடுத்து வந்திருக்கிற ஆளிடம் "வேண்டாம், திரும்பிப் போகலாம்" என்று அழுத்திச் சொல்ல மொழி வேண்டாமா? என் கணக்கில் முடிச்சுக்கு அடுத்த பாடம் அதுதான். முதலில் வெளிநாட்டுக்காரர்கள் கற்றுக் கொடுத்தார்கள். போகப்போக நேபாளிகளே ஆசிரியர்கள் ஆனார்கள்.

படிப்பால் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. 2014 ஏப்ரல் 18 காலையில், மேற்குத் தோளில் தொங்கிக்கொண்டிருந்த பனிப்பாறை கும்பு பனிவீழ்ச்சியில் விழுந்து பதினாறு நேபாளத் தொழிலாளர்கள் இறந்தார்கள். மேலே இருந்து விழுகிற பாறைக்கு, முடிச்சு போடத் தெரிந்தவன், தெரியாதவன் என்ற வித்தியாசம் கிடையாது. அரசு முதலில் அறிவித்த உதவித்தொகை குடும்பத்துக்கு 40,000 நேபாள ரூபாய். ஈமச்சடங்குக்கே அது காணாது என்று ஷெர்பாக்கள் கொதித்தார்கள். அந்த சீசனில் தெற்குப் பக்கம் வேலை நின்றே போனது. அடுத்த ஆண்டு ஏணிப்பாதையை மேற்குத் தோளிலிருந்து தள்ளி, நடுவழியாகப் போட்டார்கள்.