கரிக்கு அடியில் இருந்த தண்ணீர்

நெய்வேலி என்றாலே எல்லோரும் ஜம்புலிங்க முதலியாரின் கிணற்றிலிருந்து தொடங்குவார்கள். 1930களில் அவர் நிலத்தில் கிணறு வெட்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது, அதுதான் பழுப்பு நிலக்கரி. சரிதான். அதற்கு அரை நூற்றாண்டு முன்பே, 1880களில், புதுச்சேரியை அடுத்த பாகூர்ப் பக்கம் பிரெஞ்சுக்காரர்கள் பொங்குகிணற்றுக்காகத் துளை போட்டபோதும் இதே கரி தென்பட்டது. இரண்டு இடத்திலும் ஆட்கள் தேடியது தண்ணீரை. சுரங்கத்தின் பம்ப் செக்‌ஷனில் காலம் தள்ளியவன் நான். எனக்குத் தண்ணீர்தான் நெய்வேலியின் கதை.

மேலே செம்மண், கீழே கடலூர் மணற்பாறை. திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றனவே, அவை இருப்பதும் இந்தப் பாறையில்தான். பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் வேர்விட்டிருப்பதும் இதன்மேல்தான். மேற்கே பாறை வெளியே தெரியும் இடங்களில் இறங்கும் மழை, கடலை நோக்கிச் சரியும் மணல் அடுக்குகளில் ஊர்ந்து வந்து கரிப்படுகைக்கு அடியில் மாட்டிக்கொள்கிறது. கரியும் களிமண்ணும் மேலே மூடி போட்டதுபோல் உட்கார்ந்திருப்பதால் ஏற வழியில்லை. அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ. குழாய் வைத்தால் 60, 70 மீட்டருக்குத் தானாக ஏறும்.

1957 மே 20 அன்று நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். மண்ணை வெட்டி அள்ளும் ஜெர்மன் பக்கெட் வீல் இயந்திரத்தின் பற்களை மணற்பாறை தேய்த்தே தீர்த்தது. வெடி வைத்து இளக்க வேண்டியிருந்தது. பாறையாவது கண்ணுக்குத் தெரிகிற எதிரி. மண்ணை அள்ள அள்ள மேல்பாரம் குறையும், அடியில் இருக்கும் தண்ணீர் அப்படியே முட்டும். விட்டால் குழியின் தரை பிளந்துவிடும். அதனால் ஆழ்துளைக் கிணறுகள் போட்டு இரவு பகலாக இறைத்து அழுத்தத்தைத் தணித்தார்கள். 1961 ஆகஸ்டில் கரி வெளிச்சத்தைப் பார்த்தது.

எங்கள் ஷிப்டில் முதல் வேலை, நிலத்தடி நீர்மட்டம் பார்க்கும் பீசோமீட்டர் குழாய்க்குள் டேப்பை இறக்குவது. நுனி தண்ணீரைத் தொட்டதும் பஸ்ஸர் கத்தும். அந்த அளவை ஏட்டில் எழுதி முந்தின நாளோடு ஒப்பிடுவோம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பம்ப் நின்றால் போதும், மட்டம் ஏறத் தொடங்கிவிடும். போர்மேன் போனில், “என்னப்பா, லெவல் ஏறுது? தூங்கறீங்களா?” என்பார். பம்பை ஓட்டும் கரண்டும் இந்தக் கரியை எரித்து வந்ததுதான்!

இறைத்த தண்ணீர் வீணாகவில்லை. மின் நிலையத்துக்குப் போனது, டவுன்ஷிப்புக்குப் போனது, வாலாஜா ஏரி வழியாக வயலுக்கும் போனது. கூடவே சுரங்க மண்ணும் போய் அந்த ஏரி தூர்ந்தது. பிறகுதான் தூர் வாரினார்கள். ஒரு காலத்தில் தானாகப் பொங்கிய கிணறுகள் இருந்த வட்டாரத்தில் இன்று ஆழத்தில் மோட்டார் இறக்க வேண்டியிருக்கிறது. கடலோரம் பக்கத்தில் இருப்பதால், அளவு மீறி இறைத்தால் உப்புநீர் உள்ளே வரும் என்ற பயமும் உண்டு.

சுரங்க விரிவாக்கம் என்று பேச்சு வரும்போதெல்லாம் நிலத்துக்கு ஏக்கருக்கு எவ்வளவு என்பதிலேயே பேரம் நின்றுவிடுகிறது. அந்த நீர்மட்ட ஏடுகளையும் ஊர்க்காரர்கள் முன்னால் விரித்து வையுங்கள். தமிழில், எல்லோரும் படிக்கிற மாதிரி.