பக்கத்தில் நிற்பவர் யார்?

திருப்பூர் பனியன் கம்பெனியில் யாரும் புத்தகம் படித்து டெய்லர் ஆவதில்லை. கைமடியாகச் சேர்ந்து, மெஷின் ஓட்டுபவர் பக்கத்தில் நின்று, துணி எடுத்துக் கொடுத்துப் பார்த்துப் பார்த்தே ஓவர்லாக் பழகுகிறோம். அணு இயற்பியல் ஆராய்ச்சியும் அப்படித்தான் தோழர்களே. தெரிந்தவர் பக்கத்தில் நின்றுதான் பழக வேண்டும். நிற்க இடம் கிடைத்தது யாருக்கு என்பதுதான் நம் கேள்வி.

1950களின் இறுதியில் சென்னையில் அந்த இடம் ஒரு வீடு. மயிலாப்பூரில் அல்லாடி ராமகிருஷ்ணன் தன் வீட்டிலேயே கருத்தரங்கு நடத்தி இளம் மாணவர்களுக்குத் துகள் இயற்பியலைப் பழக்கினார். அவர்களில் பெண்களும் இருந்தார்கள். அக்காலத்தில் அது சிறிய காரியமல்ல. (அண்ணல் அம்பேத்கர் தலைமையிலான வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி அய்யரின் மகன் இவர்.) 1960இல் வந்த நீல்ஸ் போர் அந்த மாணவர்களைக் கண்டு வியந்தார். கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியம், நம் பக்கத்துப் பொள்ளாச்சிக்காரர், ஆதரவு தந்தார். 1962 ஜனவரி 3 அன்று கணித அறிவியல் நிறுவனம் பிறந்தது.

ராமகிருஷ்ணனின் உழைப்பை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அன்றைய மயிலாப்பூர் வீட்டுத் திண்ணையை ஒரு சேரிப் பிள்ளை எந்தத் துணிச்சலில் ஏறியிருக்கும்?

வீடு வேண்டாம், விடுதியைப் பாருங்கள். டாக்கா அருகே சிறு கடைக்காரரின் மகனாக 1893இல் பிறந்த மேகநாத் சாஹா, கல்கத்தா ஈடன் இந்து விடுதியில் சாதியின் பேரால் தனியே உட்கார்ந்து சாப்பிட வைக்கப்பட்டார். அவர்தான் 1940இல் கல்கத்தா பல்கலைக்கழக முதுகலைப் பாடத்தில் அணுக்கரு இயற்பியலைச் சேர்த்தார். அவர் எழுப்பிய அணுக்கரு இயற்பியல் நிறுவனத்தை 1950இல் ஐரீன் ஜோலியோ-கியூரி திறந்து வைத்தார். இன்று அதற்கு அவர் பெயர்.

இனி 2006ஆம் ஆண்டின் மத்தியக் கல்வி நிறுவனங்கள் (சேர்க்கையில் இடஒதுக்கீடு) சட்டத்தை எடுங்கள். பட்டியல் சாதியினருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5, பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு தந்த அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு, அட்டவணையில் உள்ள நிறுவனங்களுக்கு இது பொருந்தாது என்கிறது. அட்டவணையில் சென்னைக் கணித அறிவியல் நிறுவனம் இருக்கிறது. கல்பாக்கம் இருக்கிறது. தனிப்பந்தியில் உட்கார வைக்கப்பட்ட சாஹாவின் நிறுவனமும் இருக்கிறது!

மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆராய்ச்சித் திட்டம் ஒன்று உண்டு. இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியிடம் வேலை பழகலாம், உதவித்தொகையும் உண்டு. அதே இரண்டு மாதம்தான் நம் பிள்ளைகள் அடுத்த வருடக் கல்லூரிக் கட்டணத்துக்காகச் செக்கிங் டேபிளில் நிற்கும் காலம். சனிக்கிழமைச் சம்பளத்தை விட்டுவிட்டு விண்ணப்பிக்கச் சொல்ல, அவர்களின் வீட்டில் போய் யார் பேசுவது? இந்த வருடம் நாம் போகிறோம்.