தசைக்குத் தீனி எது? இறைச்சியா, மாவுச்சத்தா?

பலம் வேண்டுமானால் இறைச்சி சாப்பிட வேண்டும் என்பது பழைய நம்பிக்கை. 19-ம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இதற்கு அறிவியல் ஆதரவும் இருந்தது. கடினமாக உழைக்கும்போது தசையிலுள்ள புரதமே செலவாகிச் சக்தி தருகிறது என்று 1842-ல் எழுதினார் ஜெர்மன் வேதியியலாளர் லீபிக். அவர் சொல்லுக்கு அன்று பெரும் மதிப்பு!

இதைச் சோதிக்க 1865 ஆகஸ்டில் சூரிச் பேராசிரியர்கள் ஃபிக், விஸ்லிசெனஸ் இருவரும் சுவிட்சர்லாந்தின் ஃபவுல்ஹார்ன் மலையில் சுமார் 1950 மீட்டர் ஏறினார்கள். முதல் நாள் நண்பகலிலிருந்தே புரதமில்லாத உணவுதான்: கொழுப்பில் பொரித்த மாவு அடை, சர்க்கரை, தேநீர். புரதம் எரிந்தால் அதிலுள்ள நைட்ரஜன் சிறுநீரில் வெளியேறும். எனவே சிறுநீரைச் சேகரித்து அளந்தார்கள். எரிந்த புரதம் மலையேறிய வேலைக்குப் போதவே போதாது! உணவுகளின் வெப்ப ஆற்றலை 1866-ல் இங்கிலாந்தின் ஃபிராங்க்லண்ட் அளந்ததும் இது உறுதியானது.

அப்படியானால் எரிவது எது? 1924-ல் பாஸ்டன் மாரத்தான் ஓடி முடித்தவர்களின் ரத்தத்தை மருத்துவர்கள் சோதித்தார்கள். சோர்ந்து, தடுமாறி வந்த பலருக்குச் சர்க்கரை மிகவும் குறைந்திருந்தது. அடுத்த ஆண்டு முந்தைய நாளே மாவுச்சத்து உணவும், ஓட்டத்தின் நடுவே மிட்டாயும் கொடுத்தார்கள். ஓட்டக்காரர்கள் நல்ல நிலையில் வந்து சேர்ந்தார்கள்.

தசைக்குள்ளேயே பார்த்தவர்கள் ஸ்வீடனின் பெர்க்ஸ்ட்ரோம், ஹல்ட்மன். 1966-ல் இருவரும் ஒரே சைக்கிளின் இருபுறமும் அமர்ந்து ஆளுக்கு ஒரு காலால் மிதித்தார்கள். பிறகு ஊசியால் இரு கால்களிலிருந்தும் துளி தசை எடுத்தார்கள். மிதித்த காலில் மட்டும் கிளைகோஜன் தீர்ந்திருந்தது. தசை மாவுச்சத்தைச் சேமித்து வைக்கும் வடிவமே கிளைகோஜன். மூன்று நாள் மாவுச்சத்து சாப்பிட்டதும், அதே காலில் மற்றக் காலைவிட இரு மடங்கு சேர்ந்தது!

1967-ல் அவர்கள் குழு உணவை மாற்றி மாற்றிக் கொடுத்து, களைத்து நிற்கும்வரை சைக்கிள் மிதிக்க வைத்தது. கொழுப்பும் புரதமும் மட்டும் உண்டவர்கள் சராசரியாகச் சுமார் 57 நிமிடம் தாங்கினார்கள். கலப்பு உணவில் 114 நிமிடம். மாவுச்சத்து உணவில் 167 நிமிடம். ஆட்கள் அதேதான், மாறியது சாப்பாடு மட்டுமே.

காரணம் எளிது. கொழுப்பு மெதுவாகத்தான் எரியும். கடும் பயிற்சியின் வேகத்துக்கு அது ஈடுகொடுக்காது. கிளைகோஜன் தீர்ந்தால் வேகமும் குறையும். தசையை வளர்க்கவும் பழுதுபார்க்கவும் புரதம் அவசியம்தான். ஆனால் ஓட்டத்துக்கு முதல் நாள் தட்டில் சோறோ ரொட்டியோ நிறைந்திருக்க வேண்டும்.