கைடு பின்னால் போவதா, பையை மாட்டிக்கொண்டு தனியே இறங்குவதா?

அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனுக்குப் போகத் திட்டம் போடும் கூட்டத்தில் இந்தச் சண்டை கட்டாயம் வரும். "காசு கொடுத்தால் கைடு கூட்டிப் போவார், சமைத்தும் போடுவார், உயிரோடு வீடு வந்து சேரலாம்" என்பது ஒரு கட்சி. "பத்துப் பேர் பின்னால் வரிசையில் நடப்பதற்குப் பெயர் பயணமா? பையை முதுகில் மாட்டு, மேப்பை எடு, இறங்கு" என்பது எதிர்க்கட்சி. இந்தச் சண்டைக்கு ஏறக்குறைய ஐந்நூறு வயது ஆகிறது. அந்தக் கதை தெரிந்தால் இரண்டு கட்சிக்குமே கொஞ்சம் வாய் அடைக்கும் என்பது என் எண்ணம்.

முதல் கைடட் டூர் 1540ல் நடந்தது. கார்சியா லோபஸ் தெ கார்தெனாஸ் என்ற ஸ்பானியத் தளபதியின் சிறு படையை ஹோப்பி இன மக்கள் பள்ளத்தாக்கின் தெற்கு விளிம்பு வரை கூட்டி வந்தார்கள். அங்கிருந்து பார்த்த ஸ்பானியர்களுக்குக் கீழே ஓடும் கொலராடோ ஆறு ஆறடி அகல வாய்க்கால் போலத் தெரிந்ததாம்! மூன்று பேர் இறங்கிப் பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்கு தூரம் போனதும் முடியாமல் திரும்பிவிட்டார்கள். மேலிருந்து ஆள் உயரம் என்று நினைத்த பாறைகள், செவில் நகரத்துப் பெரிய கோபுரத்தைவிட உயரம் என்று வந்து சொன்னார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஹோப்பிகளுக்குக் கீழே போகும் பாதை தெரியும். தலைமுறை தலைமுறையாக உப்பு எடுக்க இறங்கியவர்கள் அவர்கள். ஆனால் வாயைத் திறக்கவில்லை. ஏன் என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம், வந்தவர்கள் கையில் வாள் இருந்தது. கைடு கூட இருக்கிறார் என்பதாலேயே வழி கிடைத்துவிடாது.

அடுத்து எதிர்க்கட்சியின் நாயகன், ஜான் வெஸ்லி பவல். உள்நாட்டுப் போரில் வலது கையை இழந்தவர். 1869 மே மாதம் நான்கு படகு, ஒன்பது ஆட்களோடு, யாருமே வரைபடம் போடாத ஆற்றில் கிளம்பினார். ஒரு படகு வழியிலேயே நொறுங்கியது. ஆகஸ்ட் 28ந் தேதி எதிரில் இன்னொரு பயங்கர நீர்ச்சரிவு, உணவோ தீரும் நிலை. ஹௌலாண்ட் சகோதரர்களும் டன் என்பவரும் "இனி ஆறு வேண்டாம்" என்று மலையேறிப் போனார்கள். பவலும் மற்றவர்களும் இரண்டே நாளில் பள்ளத்தாக்கைத் தாண்டிவிட்டார்கள். ஏறிப் போன மூவரும் திரும்பவே இல்லை. அவர்கள் எப்படி இறந்தார்கள் என்பதில் இன்றும் வாதம் உண்டு. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. மறு வருடம் அதே பகுதிக்குப் போன பவல், அந்த நிலமும் அங்குள்ள மக்களும் பழகிய ஜேக்கப் ஹாம்ப்ளின் என்பவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டார்.

அப்புறம் வியாபாரம் வந்தது. ஜான் ஹான்ஸ் என்பவர் 1880களில் சுரங்கம் வெட்டலாம் என்று வந்து, கல்லைவிட சுற்றுலாப் பயணி லாபம் என்று கண்டுகொண்டு கைடு ஆனார். புளுகுக் கதை சொல்வதில் மன்னன்! ரால்ஃப் கேமரன் இன்னும் பெரிய ஆள். பிரைட் ஏஞ்சல் பாதை ஹவாசுபாய் மக்கள் காலங்காலமாக நடந்த தடம். கேமரனும் கூட்டாளிகளும் அதை அகலப்படுத்தினார்கள். பிறகு அவர் இறங்குகிறவர்களிடம் ஆளுக்கு ஒரு டாலர் சுங்கம் வசூலித்தார். சுரங்க உரிமை என்று சொல்லிப் பாதையோர நிலத்தையும் வளைத்துப் போட்டார். 1919ல் இடம் தேசியப் பூங்கா ஆனது. 1920ல் உச்ச நீதிமன்றமே அவர் உரிமை செல்லாது என்றது. மனுஷன் அசரவில்லை, செனட்டர் ஆகிவிட்டார்! பூங்கா நிர்வாகம் அவரைச் சுற்றிக்கொண்டு போகவே சவுத் கைபாப் என்ற புதுப் பாதையை 1924-25ல் போட்டது. இன்று அதில் இறங்குகிறவர்கள் "பாதையில் சொட்டுத் தண்ணீர் இல்லையே" என்று புலம்பும்போது கேமரனையும் கொஞ்சம் திட்டலாம்.

தனியே போனவர்களில் மறக்க முடியாதவர்கள் கிளென் ஹைட், பெஸ்ஸி ஹைட். 1928ல் தேனிலவுக்கு, தாங்களே செய்த படகில், லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஆற்றில் இறங்கினார்கள். விளிம்பில் ஸ்டூடியோ வைத்திருந்த எமரி கோல்ப் அந்த ஆற்றை ஏற்கெனவே படகில் கடந்தவர். ஜாக்கெட் தருகிறேன் என்றார், மறுத்துவிட்டார்கள். டிசம்பரில் படகு கவிழாமல், சாமான்களோடு மிதந்தது. ஆட்கள் இல்லை. பத்தே வருடம் கழித்து 1938ல் எல்சாடா குளோவர், லோயிஸ் ஜாட்டர் என்ற இரண்டு தாவரவியலாளர்கள் நார்மன் நெவில்ஸ் என்ற படகோட்டியோடு அதே ஆற்றைக் கடந்து பத்திரமாக வந்தார்கள்.

"பார்த்தீர்களா, கைடுதான் ஜெயித்தார்" என்று சொல்லிவிடாதீர்கள். 1963ல் காலின் ஃப்ளெட்சர் அன்றைய பூங்காவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை இரண்டு மாதம் தனியாக நடந்தார். பேக்பேக்கர்களுக்கு அவர் குலதெய்வம் மாதிரி. ஆனால் கிளம்புமுன் அவர் தேடிப் போனது ஹார்வி புட்சர்ட் என்ற கணிதப் பேராசிரியரை. அந்தப் பள்ளத்தாக்கில் பாதையே இல்லாத இடங்களில் வருடக்கணக்காக நடந்தவர் அவர். எந்தப் பாறையில் இறங்க முடியும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, சாப்பாட்டை முன்கூட்டியே ஒளித்து வைத்தும் விமானத்திலிருந்து போடச் செய்தும்தான் ஃப்ளெட்சர் நடந்தார். கூடவே நடக்காத கைடு என்று புட்சர்டைச் சொல்லலாம்.

அதனால் என் ஓட்டு இப்படி. பிரைட் ஏஞ்சல் மாதிரி நன்றாகப் போட்ட பாதை என்றால் தனியே போகலாம். தண்ணீர்க் குழாய் எங்கே வேலை செய்கிறது என்று ரேஞ்சரிடம் கேட்டால் போதும், கீழே இரவு தங்க பெர்மிட் வேண்டும். கோடையில் அடிப்பகுதி 40 டிகிரியைத் தாண்டும் என்பதையும், இறங்கும் 4,000 அடிக்கு மேல் உயரத்தை ஏறியே ஆகவேண்டும் என்பதையும் மறக்காமல் இருந்தால் சரி. பாதை இல்லாத இடத்துக்கும் ஆற்றுக்கும் தெரிந்தவர் கூட வேண்டும். ஆற்றில் சொந்தப் படகு விட ஆசைப்பட்டவர்களின் காத்திருப்பு வரிசை ஒரு காலத்தில் பத்து வருடத்துக்கு மேல் நீண்டது. 2006ல் அதை நிறுத்திவிட்டுக் குலுக்கல் முறை கொண்டு வந்தார்கள்.

கேமரன் சுங்கம் வாங்கிய தடத்தின் சொந்தக்காரர்கள் என்ன ஆனார்கள்? பாதையின் நடுவே தண்ணீரும் நிழலும் உள்ள இடத்தில் பயிர் செய்துவந்த ஹவாசுபாய் மக்களைப் பூங்கா நிர்வாகம் வெளியேற்றியது. அந்த இடம் 2022ல்தான் ஹவாசுபாய் கார்டன்ஸ் என்று பெயர் பெற்றது. 1975ல் ஒரு சட்டத்தின் மூலம் சுமார் 1,85,000 ஏக்கர் அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது. பக்கத்துப் பள்ளத்தாக்கில் உள்ள அவர்கள் ஊரான சுபாய்க்கு நடந்து போக எட்டு மைல். யார் வரலாம், எத்தனை நாள் தங்கலாம் என்று இப்போது முடிவு செய்வது அவர்கள்தான். காலையில் போய் மாலையில் திரும்பும் நடைக்கு அங்கே அனுமதி கிடையாது.