சேலம், நாமக்கல் வட்டாரத்தில் வெளிச்சமையல் எரிவாயு அடுப்பும் ரெகுலேட்டரும்

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் கல்யாணப் பந்தி, கோயில் அன்னதானம், சாலையோரப் பரோட்டாக் கடை, தள்ளுவண்டி ஆகிய வெளிச்சமையல் இடங்களில் இன்று பெரும்பாலும் சமையல் எரிவாயுவே பயன்படுகிறது. வீட்டு அடுப்பின் வரலாறு மானியம், இணைப்பு எண்ணிக்கை ஆகியவற்றின் வழியே பலமுறை எழுதப்பட்டிருக்கிறது. வெளிச்சமையல் அடுப்புக்கு அப்படிப்பட்ட பதிவு குறைவு. அதன் வரலாற்றில் அடுப்பைவிட முக்கியமானவை சிலிண்டருக்கும் அடுப்புக்கும் நடுவில் உள்ள சிறு பொருள்கள்: வால்வு, ரெகுலேட்டர், குழாய், வாசர். விபத்துகள் பெரும்பாலும் இந்த இணைப்புகளில்தான் தொடங்குகின்றன.

விறகிலிருந்து எரிவாயுவுக்கு

இவ்வட்டாரத்தில் விருந்துச் சமையல் நீண்ட காலம் கோட்டை அடுப்பில் நடந்தது. தரையில் நீளவாக்கில் பள்ளம் தோண்டி, இருபுறமும் செங்கல் அடுக்கி, மேலே அண்டாக்களை வரிசையாக ஏற்றி விறகு வைப்பார்கள். தேநீர்க் கடைகளில் மரத்தூள் அடுப்பும் கரி பாய்லரும் இருந்தன. பின்னர் மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ் வந்தது. தொட்டியில் காற்றடித்து, எண்ணெயை அழுத்தத்தில் ஆவியாக்கி எரிக்கும் அந்த அடுப்புதான் சமையற்காரர்களுக்கு அழுத்தம் என்ற கருத்தைப் பழக்கியது. "காற்றைக் கூட்டினால் தீ கூடும்" என்ற அந்தப் பழக்கம் எரிவாயு அடுப்புக்கும் அப்படியே தொடர்ந்தது. அதனால் சிக்கலும் வந்தது.

இந்தியாவில் திரவப் பெட்ரோலிய வாயு 1950களின் நடுவில் பம்பாயில் பர்மா ஷெல் நிறுவனத்தால் 'பர்ஷேன்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இந்தியன் ஆயில் நிறுவனத்தின் 'இண்டேன்' 1965இல் கல்கத்தாவில் முதல் இணைப்பை வழங்கியது. எஸ்ஸோ 1974இலும், பர்மா ஷெல் 1976இலும் அரசுடைமையாயின. அவற்றிலிருந்து இந்துஸ்தான் பெட்ரோலியமும் பாரத் பெட்ரோலியமும் உருவாயின. இணைப்புக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் 1990கள் வரை நீடித்தது. வீட்டுக்கே கிடைக்காத வாயு கல்யாணச் சமையலுக்கு எளிதில் வந்துவிடவில்லை. 1993இல் தனியார் நிறுவனங்களும் இறக்குமதி செய்து விற்க அனுமதிக்கப்பட்டபின் தட்டுப்பாடு குறையத் தொடங்கியது. தமிழ்நாட்டில் 2006இல் ஆட்சிக்கு வந்த மு. கருணாநிதி அரசு இலவச எரிவாயு அடுப்பை இணைப்புடன் வழங்கியது. 2016இல் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் வந்தது. இவை வீடுகளுக்கானவை என்றாலும், சிற்றூர்களிலும் சிலிண்டர் பழக்கமான பொருளானதற்கு இவையே காரணம்.

நாமக்கல்லின் டேங்கர் லாரிகள்

இந்த வரலாற்றில் நாமக்கல்லுக்குத் தனி இடம் உண்டு. லாரித் தொழிலுக்கும் லாரிக் கூண்டு கட்டுவதற்கும் பெயர்பெற்ற இந்நகரம், தென்னிந்தியாவின் சமையல் எரிவாயு டேங்கர் லாரித் தொழிலுக்கும் மையம். சுத்திகரிப்பு ஆலைகளிலிருந்தும் துறைமுக முனையங்களிலிருந்தும் சிலிண்டர் நிரப்பும் ஆலைகளுக்கு வாயுவைக் கொண்டுசெல்லும் லாரிகளில் பெரும்பகுதி நாமக்கல் உரிமையாளர்களுடையது. தென்மண்டல எரிவாயு டேங்கர் லாரி உரிமையாளர்கள் சங்கத்தின் தலைமையிடமும் இங்கேதான். எண்ணெய் நிறுவனங்களின் புதிய ஒப்பந்த விதிகளை எதிர்த்து 2025 மார்ச் 27 முதல் இச்சங்கம் நடத்திய வேலைநிறுத்தம் தென்மாநிலங்களின் விநியோகத்தைப் பற்றிய கவலையை எழுப்பியது. கொச்சியிலிருந்து பாலக்காடு, கோயம்புத்தூர், ஈரோடு வழியாகச் சேலத்துக்கு எரிவாயுக் குழாய் அமைக்க இந்தியன் ஆயிலும் பாரத் பெட்ரோலியமும் கூட்டு நிறுவனம் அமைத்தன. லாரி உரிமையாளர்களுக்கு அது மகிழ்ச்சி தரும் செய்தி அன்று.

லாரியில் வரும் வாயு சேலத்தை அடுத்த கருப்பூர் போன்ற இடங்களில் உள்ள ஆலைகளில் சிலிண்டர்களில் நிரப்பப்படுகிறது. வீட்டுக்கு 14.2 கி.கி. சிவப்பு சிலிண்டர், வணிகத்துக்கு 19 கி.கி. நீல சிலிண்டர்.

வால்வு மாறிய விதம்

பழைய சிலிண்டரின் தலையில் கைப்பிடிச் சக்கரத்துடன் கூடிய வால்வு இருந்தது. ரெகுலேட்டரை மரையில் பொருத்தி, ஸ்பேனரால் முடுக்க வேண்டும். எரிவாயு இணைப்புகளின் மரை இடப்புறமாகச் சுற்றும்படி அமைந்தது. பிற வாயுச் சிலிண்டர்களின் இணைப்பு தவறிக்கூட அதில் பொருந்தாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. நடுவிலுள்ள ரப்பர் வாசர் தேய்ந்தால் கசியும். முடுக்கம் குறைந்தாலும் கசியும். கழற்றியபின் சக்கரத்தை மூட மறந்தால் சிலிண்டர் முழுவதும் வெளியேறும்.

1980களில் இதற்கு மாற்றாகத் தானாக மூடிக்கொள்ளும் வால்வு பரவியது. இதில் 22 மி.மீ. அளவுள்ள தலைக்குள் ஸ்பிரிங்கால் மேலே தள்ளப்பட்ட முள் ஒன்று உள்ளது. ரெகுலேட்டரைச் சொருகி, அதன் குமிழைத் திருப்பினால்தான் முள் கீழே அழுந்தி வாயு வரும். ரெகுலேட்டரை எடுத்தவுடன் ஸ்பிரிங் வழியை அடைத்துவிடும். ஸ்பேனர் தேவையில்லை. வாயு கசியாமல் தடுப்பது வால்வுக்குள் இருக்கும் சிறு ரப்பர் வளையம். இது வெடித்திருந்தாலோ, இல்லாமல் போனாலோ, புது ரெகுலேட்டர் மாட்டியும் பயனில்லை. சிலிண்டர் வாங்கும்போது மூடியைத் திறந்து பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

ரெகுலேட்டரின் உள்ளமைப்பு எளியது. வெளியே தட்டு வடிவில் தெரியும் பகுதிக்குள் ரப்பர் சவ்வு ஒன்றும், அதன்மேல் ஸ்பிரிங்கும், வழியைத் திறந்து மூடும் நெம்புகோலும் உள்ளன. அடுப்பின் பக்கம் அழுத்தம் கூடினால் சவ்வு மேலெழும்பி வழியைக் குறைக்கும். குறைந்தால் ஸ்பிரிங் சவ்வைத் தள்ளி வழியைத் திறக்கும். சிலிண்டருக்குள் சதுர சென்டிமீட்டருக்குப் பல கிலோ அழுத்தம் இருக்கும்; வீட்டு ரெகுலேட்டர் அதைச் சுமார் 30 கிராமாகக் குறைத்து அனுப்புகிறது. இந்தியத் தர எண் 9798 இத்தகைய ரெகுலேட்டர்களுக்கானது. மேல்மூடியில் உள்ள சிறு துளை சவ்வு மூச்சுவிடுவதற்கானது. எண்ணெய்ப் பிசுக்கில் அது அடைபட்டால் சவ்வு சரியாக அசையாது. பரோட்டாக் கல்லின் அருகில் தொங்கும் ரெகுலேட்டரில் இது நடப்பது இயல்பு.

1993க்குப் பின் வந்த சில தனியார் சிலிண்டர்களின் வால்வு அளவு 22 மி.மீ. அளவிலிருந்து வேறுபட்டது. ஒன்றின் ரெகுலேட்டரை மற்றொன்றில் வலிந்து பொருத்தினால் மாட்டியதுபோலத் தோன்றும். ஆனால் பிடிமானம் இருக்காது.

ஹை பிரஷர் அடுப்பு

நூறு பேருக்குச் சோறு வடிக்கும் அண்டாவுக்கு 30 கிராம் அழுத்தத்தில் வரும் வாயு போதாது. எனவே வெளிச்சமையலில் இரும்புச் சட்டத்தில் வார்ப்பிரும்பு பர்னர் பொருத்திய ஹை பிரஷர் அடுப்பு பயன்படுகிறது. இதற்கான ரெகுலேட்டரில் கையால் திருகும் பிடி இருக்கும். பிடியை உள்ளே முடுக்கினால் ஸ்பிரிங் இறுகி, வெளிவரும் அழுத்தம் கூடும். நீல சிலிண்டரின் தலையில் அடாப்டரைச் சொருகி, அதில் இந்த ரெகுலேட்டரை இணைப்பது வழக்கம்.

வீட்டு ரெகுலேட்டருக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு உரிமையில்தான் இருக்கிறது. வீட்டு ரெகுலேட்டர் வாடிக்கையாளரின் சொத்து அன்று. வைப்புத்தொகை பெற்றுக்கொண்டு எரிவாயு நிறுவனம் தருவது. பெரும்பாலான மாநிலங்களில் அத்தொகை 2022 ஜூன் 16 முதல் 150 ரூபாயிலிருந்து 250 ரூபாயாக உயர்ந்தது. பழுதானால் ஏஜென்சியில் கேட்கலாம். கணக்கும் அங்கே உண்டு. ஹை பிரஷர் ரெகுலேட்டரோ கடையில் விலைக்கு வாங்குவது. பெரும்பாலும் பாத்திர வாடகைக்கடைக்குச் சொந்தமாக இருந்து, அண்டா, கரண்டியோடு ஊர் ஊராகப் போய்வரும். அது எப்போது வாங்கியது, சவ்வு எத்தனை ஆண்டு பழையது என்பதை யாரும் எழுதி வைப்பதில்லை. பழைய அடுப்புகளில் உறுப்புகளைப் புதுப்பிப்பது தள்ளிப்போவதற்கு அலட்சியத்தைவிட இதுவே பெரிய காரணம் எனலாம்.

புதுப்பிக்கும்போது நேரும் தவறுகளில் முதன்மையானது பொருந்தாத உறுப்புகளைச் சேர்ப்பது. ஹை பிரஷர் ரெகுலேட்டரை வீட்டு அடுப்பில் மாட்டினால் சுடர் பர்னரை விட்டு எழும்பிப் பறக்கும். குறைந்த அழுத்தத்துக்கான ரப்பர் குழாய் கழன்றோ வெடித்தோ போகலாம். வீட்டு ரெகுலேட்டரை ஹை பிரஷர் பர்னரில் மாட்டினால் சுடர் சோர்ந்து, மஞ்சளாகி, பாத்திரத்தில் கரி பிடிக்கும். "தீ நிற்கவில்லை" என்று ஜெட்டின் துளையைக் கம்பியால் குத்திப் பெரிதாக்குவது அடுத்த தவறு. ரெகுலேட்டர், குழாய், ஜெட், பர்னர் நான்கும் ஒரே அழுத்தத்துக்கு உரியவையாக இருக்க வேண்டும்.

சிலிண்டர் குளிர்தல்

பந்திச் சமையலில் அடிக்கடி எழும் புகார், சிலிண்டரில் வாயு இருந்தும் தீ குறைகிறது என்பது. திரவம் ஆவியாக வெப்பம் வேண்டும். பெரிய பர்னர்கள் வேகமாக வாயுவை இழுக்கும்போது அந்த வெப்பம் சிலிண்டரிலிருந்தே எடுக்கப்படுகிறது. உலோகம் குளிர்ந்து, வெளிப்புறத்தில் பனி படிந்து, உள்ளழுத்தம் குறைகிறது. இந்தியச் சமையல் வாயு புரொபேன், பியூட்டேன் கலவை. புரொபேன் மைனஸ் 42 பாகை செல்சியஸிலும், பியூட்டேன் ஏறத்தாழ மைனஸ் 0.5 பாகையிலும் கொதிக்கின்றன. எனவே புரொபேன் முந்திக்கொண்டு வெளியேற, கடைசியில் தங்குவதில் பியூட்டேன் மிகும். மார்கழி விடியலில் அது மேலும் சோம்பிவிடும்.

இதற்குச் சமையற்காரர்கள் கண்ட வழிகள் சிலிண்டரை வெந்நீர்த் தொட்டியில் நிறுத்துவதும், படுக்கவைப்பதும், கவிழ்ப்பதும். படுத்த சிலிண்டரிலிருந்து ரெகுலேட்டருக்கு ஆவிக்குப் பதில் திரவமே வரக்கூடும். ஒரு பங்கு திரவம் சுமார் 250 பங்கு வாயுவாக விரிவது. அப்போது பர்னரில் எழும் தீப்பிழம்பைத் திருகுபிடியால் அடக்க முடியாது. முறையான வழி, பல சிலிண்டர்களை ஒரே உலோகக் குழாயில் இணைத்துச் சுமையைப் பகிர்வது. பெரிய மண்டபங்களில் சமையற்கூடத்துக்கு வெளியே இந்த ஏற்பாட்டைக் காணலாம். வாடகை அடுப்புடன் பந்தலுக்குப் போகும் குழுவினருக்கு அது இன்னும் எட்டவில்லை.

குழாய்

பச்சை ரப்பர் குழாய் நெடுநாள் பொது வழக்காக இருந்தது. வெயிலில் வெடிக்கும், எலி கடிக்கும், சூடான பாத்திரம் பட்டால் உருகும். எண்ணெய் நிறுவனங்கள் பின்னர் எஃகுக் கம்பி வலை பொதிந்த ஆரஞ்சு நிற 'சுரக்ஷா' குழாயைப் பரப்பின; ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும். எரிவாயு ரப்பர் குழாய்களுக்கான இந்தியத் தர எண் 9573. வெளிச்சமையலில் குழாயை நீட்டுவதற்காக இரண்டு துண்டுகளை நடுவில் செருகி, கம்பியால் கட்டும் வழக்கம் உண்டு. கிளாம்ப் இல்லாத அந்தக் கட்டு, அழுத்தத்தைக் கூட்டும் நேரத்தில் கழலக்கூடியது.

விபத்தும் சட்டமும்

2021 நவம்பர் 23 காலை சேலம் கருங்கல்பட்டியில் ஒரு வீட்டில் கசிந்த எரிவாயு வெடித்ததில் அடுத்தடுத்த வீடுகள் இடிந்து விழுந்து உயிரிழப்பு ஏற்பட்டது. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. தரையில் படிந்து தேங்கும். காற்றில் அதன் பங்கு சுமார் 2 முதல் 9.5 விழுக்காடு வரை இருந்தால் ஒரு பொறி போதும். திறந்தவெளியில் காற்று அதைக் கலைத்துவிடும் என்ற எண்ணம் பாதிதான் உண்மை. துணி கட்டிய பந்தல், சாக்கடை, அடுப்புக்காகத் தோண்டிய பள்ளம் ஆகியவற்றில் அது தங்கும். மணமற்ற வாயுவில் கசிவை உணர்த்தச் சேர்க்கப்படும் மெர்காப்டன் நாற்றம், மசாலா வதங்கும் இடத்தில் மூக்குக்கு எட்டாமல் போகலாம். சோப்பு நீரைத் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்கும் சோதனை அதனாலேயே இன்றும் பயன்படுகிறது. கசிவைத் தெரிவிக்க 1906 என்ற அவசர எண் 2016 முதல் இயங்குகிறது.

வீட்டுச் சிலிண்டரைக் கடைகளில் பயன்படுத்துவது 2000ஆம் ஆண்டின் எரிவாயு வழங்கல் ஆணையின்படி குற்றம். விலை வேறுபாடு காரணமாக அது தொடர்கிறது. அதிகாரிகள் அவ்வப்போது பறிமுதல் செய்கிறார்கள். ஆனால் அந்தச் சோதனைகளின் நோக்கம் சிலிண்டரின் நிறம்தான். ரெகுலேட்டரின் வயதை அங்கே யாரும் பார்ப்பதில்லை.

பிற நாடுகள்

அமெரிக்காவில் தோட்டத்து அடுப்புகளுக்கும் இதே சிக்கல் இருந்தது. அங்கும் பழைய இணைப்பு இடமரையில் ஸ்பேனரால் முடுக்குவது. 1990களில் கையால் முடுக்கும் புதிய இணைப்பு வந்தது. அது வெப்பம் பட்டால் வழியை மூடிக்கொள்ளும். குழாய் அறுந்தால் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும். அளவுக்கு மீறி நிரப்புவதைத் தடுக்கும் மிதவை வால்வு 1998 முதல் புதிய சிறு சிலிண்டர்களுக்கு வேண்டியதாயிற்று. 2002 ஏப்ரல் முதல் அது இல்லாதவற்றை நிரப்பக் கூடாது என்ற விதி வந்தது. சிலிண்டர் நிரப்பும் இடத்திலேயே மறுத்ததால் பழைய அடுப்புக்காரர்களும் ரெகுலேட்டரையும் குழாயையும் மாற்ற நேர்ந்தது. இந்தியாவில் சிலிண்டர் நிறுவனத்தின் கையில் இருப்பதால் வால்வு மாற்றம் நுகர்வோர் அறியாமலே நடந்துமுடிந்தது. அடுப்புப் பக்கம் அப்படி ஒரு வாயில் இல்லை.

குழாய்வழி இயற்கை எரிவாயு

2018இல் ஒன்பதாம் ஏலச் சுற்றில் சேலம் மாவட்டத்தில் நகர எரிவாயு விநியோக உரிமை இந்தியன் ஆயிலுக்குக் கிடைத்தது. குழாயில் வருவது மீத்தேன் மிகுந்த இயற்கை எரிவாயு. காற்றைவிட இலேசான இது மேலெழும்பும். அதே கன அளவில் சிலிண்டர் வாயுவைவிடக் குறைந்த வெப்பம் தரும். எனவே சிலிண்டர் அடுப்பை அதில் இணைக்கும்போது பெரிய துளையுள்ள ஜெட் பொருத்தவேண்டும், ரெகுலேட்டரும் வேறு. நிலையான சமையற்கூடம் உள்ள உணவகங்களும் மண்டபங்களும் இம்மாற்றத்துக்கு வரலாம். வாடகைக்கடை அடுப்பு இன்று குழாய் வந்த மண்டபத்திலும் நாளை சிலிண்டர் வைத்த பந்தலிலும் எரியவேண்டியது. அதனால் இரு ஜெட்டுகளையும் தனித்தனியே அடையாளமிட்டு வைக்கும் புதிய வேலையும் அக்கடைகளுக்குச் சேரும்.