துன்பியல் நாடகச் செய்யுளாக்கம் (தென்காசி, குற்றாலம்)

துன்பியல் நாடகச் செய்யுளாக்கம் என்பது, யவன தேசத்துப் பழைய சோக நாடகங்களையும் அவற்றையொட்டிப் பிறந்த கதைகளையும் வேற்றுப் பாஷையில் செய்யுளாகவே அமைத்துத் தரும் முயற்சி. உரைநடையாகப் பெயர்ப்பாரும் உளரேனும், அம்முறை கதையைக் கொடுக்குமேயன்றி நாடகத்தைக் கொடுப்பதில்லையாதலால் இங்கே எடுத்துக்கொள்ளப்படவில்லை. தமிழில் இத்துறையின் சரித்திரம் பெரும்பாலும் பொருநைக் கரையிலும் அதனை அடுத்த தென்காசி, குற்றாலம் ஆகிய ஊர்களிலும் நிகழ்ந்தது என்று கொள்வதில் பிழையில்லை.

மூல நாடகங்கள்

கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸ் நகரத்தார், தியோனீசஸ் என்னும் தெய்வத்துக்கு எடுத்த வசந்த விழாவில் கவிகளைப் போட்டியிடச் செய்து நாடகம் கண்டனர். ஈஸ்கிலஸ் பெயரால் 7, சோபாக்ளிஸ் பெயரால் 7, யூரிப்பிடீஸ் பெயரால் 19 நாடகங்கள் அழியாது எஞ்சியுள்ளன. இவ்வகைக்கு யவனர் இட்ட பெயரின் சொற்பொருள் ‘ஆட்டுப் பாட்டு’ என்பதாம். ஆடு பரிசாகக் கிடைத்ததா, பலியாக வெட்டப்பட்டதா என்ற வழக்கில் நாம் தலையிட வேண்டுவதில்லை. நடிகர் பேச்சுக்கு ஓர் யாப்பும், வட்டமான களத்தில் ஆடிப் பாடும் குழுவினர்க்கு வேறு யாப்புகளும் வகுக்கப்பட்டிருந்தன. அக்குழுவினர் முதலில் பன்னிருவராயிருந்து சோபாக்ளிஸ் காலத்தில் பதினைவராயினர்.

யாப்பு ஒப்புமை

யவன யாப்பு ஆங்கில யாப்பைப்போல் அழுத்தத்தால் அமைவதன்று. தமிழ் யாப்பைப்போல் குறில் நெடில் அளவால் அமைவது. ஆங்கிலத்தின் வழியே யவன நாடகத்தை அறிந்த நம்மவர் பலர் இதை மறந்துவிடுவதால் சற்று விரித்துச் சொல்லுதல் தகும். பேச்சுப் பகுதிக்குரிய அடிப்படை அலகு ஒரு குறிலும் அதனை அடுத்த நெடிலும் ஆகும். நிலா, விழா, கனா என்று நாம் சொல்லும் சொற்கள் ஒவ்வொன்றும் அவ்வலகே. நம் இலக்கணத்தில் அது ஒரு நிரையசை. இவ்வலகு இரண்டு சேர்ந்தது ஒரு பிரிவு. பிரிவு மூன்று சேர்ந்தது ஓரடி. ஆகவே ‘நிலாவிழா’ என்று மும்முறை உரக்கச் சொல்லிப் பார்ப்பவர், ஏதென்ஸ் மேடையில் ஈடிபஸ் பேசிய அடியின் எலும்புக்கூட்டைத் தம் செவியாலேயே கண்டுகொள்ளலாம். நம் வாய்பாட்டில் அது கருவிளம் மூன்று கொண்ட சிந்தடி.

ஒற்றடுத்த குறிலை யவனர் நெடிலுக்கு நிகராகக் கொண்டனர். நாமும் தனிக்குறில் ஒற்றடுத்து வருவதையும் தனிநெடிலையும் ஒரே நேரசையாகத்தான் எண்ணுகிறோம். ஆனால் ஒற்றுமை இவ்வளவோடு நின்றுவிடுகிறது. கருவிளம் என்ற சொல்லையே எடுத்துக்கொண்டால், ‘விளம்’ யவனர் கணக்குக்கு ஒத்து வரும். ‘கரு’ என்பதோ குறிலிணையாதலால் ஒத்து வராது. நமக்கு இரண்டும் நிரையே. மேலும் ஒவ்வொரு பிரிவின் முதலெழுத்தும் குறிலாகவோ நெடிலாகவோ நிற்கலாமென்று யவனர் விலக்குக் கொடுத்தனர். நெடிலாக நின்றால் நேர் நேர் நிரை என்று தேமாங்கனி தோன்றும். கனிச்சீரோ வஞ்சிக்கு உரியது, அகவலில் இயல்பாகப் பொருந்தாது. எனவே எழுத்தெண்ணி யவன அடியைத் தமிழில் கொணர்வேன் என்று புறப்படுகிறவன் இரண்டாம் அடியிலேயே தளை தட்டி விழுவான். எண்ணிக்கையை விட்டுத் தொழிலைப் பார்க்க வேண்டும். அந்த யாப்பு பேச்சுக்கு மிக அணுகியது என்று அரிஸ்டாட்டில் எழுதினார். தமிழில் அத்தொழிலைச் செய்வது ஆசிரியப்பா. ஆடற்குழுவின் பாட்டிலோ, ஒரு பக்கம் திரும்பிப் பாடியதற்கு ஈடாக மறுபக்கம் திரும்பி அதே அளவில் இன்னொன்று பாடுவது மரபு. ஒரே அளவில் அடுக்கி வரும் நம் தாழிசைகள் அதற்கு ஏற்ற கருவி. சிலப்பதிகாரத்தில் தீநிமித்தம் கண்ட ஆய்ச்சியர் எழுவர் கைகோத்துக் குரவை ஆடும் இடத்தை, கோவலன் கொலைச் செய்தி வருமுன் அவர்கள் ஆடுகிறார்கள் என்ற நினைவோடு படித்தவர்க்கு, யவனக் குழுப்பாட்டு இன்னதென்று வேறு விளக்கம் வேண்டியதில்லை.

மேனாட்டில் இச்சங்கடம் எப்படித் தீர்க்கப்பட்டது என்பதையும் ஒருவாறு சொல்லலாம். 1877இல் ராபர்ட் பிரௌனிங் ‘அகமெம்னன்’ நாடகத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தார். அதை விளங்கிக்கொள்ள யவன மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. 1902 முதல் கில்பர்ட் மர்ரே யூரிப்பிடீஸை அடியிறுதி இயைபோடு இனிமையாகப் பாடினார். மேடையில் அவை பெரும் புகழ் பெற்றன. 1920இல் டி.எஸ். எலியட் அவ்வினிமையே மூலத்துக்கும் வாசகனுக்கும் இடையில் எழுப்பிய சுவர் என்று கண்டித்தது முற்றிலும் நியாயமானது. யேட்ஸ் 1926இல் டப்ளினில் ‘ஈடிபஸ்’ நாடகத்தை மேடையேற்றியபோது பேச்சை உரைநடையாக்கிக் குழுப்பாட்டை மட்டும் செய்யுளாக நிறுத்தினார். லூயி மக்னீஸ் 1936இல் ‘அகமெம்னன்’ செய்தார். 1981இல் டோனி ஹாரிசன் லண்டன் தேசிய நாடக அரங்குக்கு ஈஸ்கிலஸின் முத்தொடர் நாடகத்தைப் பெயர்த்தபோது கையாண்டது, பழைய ஆங்கிலத்தின் முதலெழுத்தொன்றும் முறை. நம் ஊர்ப் பள்ளிப்பிள்ளை அதை மோனை என்று சொல்லிவிட்டுப் போவான்.

தென்காசிப் பாண்டியர்

காவியத்தைக் காவியமாகவே பெயர்ப்பது தென்காசிக்குப் புதிதன்று. மதுரையை இழந்த பாண்டியர், பராக்கிரம பாண்டியன் 15ஆம் நூற்றாண்டில் எடுத்த காசி விசுவநாதர் கோயிலைச் சுற்றி அரசிருந்த நாட்களில், வாள் செய்ய வேண்டிய வேலையில் ஒரு பகுதியை எழுத்தாணி செய்துவந்தது. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட அதிவீரராம பாண்டியர் காசி காண்டம், கூர்ம புராணம் முதலியவற்றைத் தமிழ்ச் செய்யுளாக்கியதோடு, ஸ்ரீஹர்ஷர் வடமொழியில் இயற்றிய நைஷத காவியத்தை ‘நைடதம்’ என்ற பெயரால் விருத்தங்களில் பாடினார். நைடதம் புலவர்க்கு ஒளடதம் என்று வழங்கும் வழக்குச் சொல் அந்நூலின் கடுமையையும் பெருமையையும் சேர்த்தே சொல்வது. அவருடைய உறவினர் வரதுங்கராமர் பிரமோத்தர காண்டத்தைத் தமிழாக்கினார்.

நைடதத்தில் நம் விஷயத்துக்கு நேரே உதவும் ஒன்று உண்டு. ஸ்ரீஹர்ஷர் நளன் தமயந்தி மணவின்பத்தோடு காவியத்தை நிறுத்திக்கொண்டார். தென்காசி மன்னரோ அங்கே நிற்கவில்லை. கலி தோன்றுவதும், நளன் சூதாடித் தோற்பதும், கானகம் புகுவதும், உறங்கும் மனைவியை இருளில் விட்டுப் பிரிவதும் அவர் நூலில் தனித்தனிப் படலங்களாக விரிகின்றன. வடமொழிக் கவி தொடாது விட்ட சோகத்தை, நாடிழந்த குலத்தில் பிறந்த ஓர் அரசர் தாமே முன்வந்து எடுத்துப் பாடினார் என்பது கவனிக்கத்தக்கது. முடிவில் நளன் நாடு மீள்கிறான். ஆகவே இது துக்க முடிவுடைய துன்பியல் ஆகாது. எனினும் பெயர்ப்பவன் மூலத்தின் எல்லைக்குள் அடைபட்டுக் கிடக்க வேண்டுவதில்லை என்ற சுதந்திரம் இவ்வட்டாரத்தில் அன்றே நிலைநாட்டப்பட்டது.

அடுத்த குறிப்பிடத்தக்க நூல் தென்காசியை அடுத்த மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் செய்த திருக்குற்றாலக் குறவஞ்சி, 18ஆம் நூற்றாண்டினது. அது மொழிபெயர்ப்புமன்று, சோகமுமன்று. ஆனால் விருத்தம், கொச்சகம், கண்ணி, சிந்து, கீர்த்தனம் என்று பேச்சுக்கு ஒன்றும் ஆட்டத்துக்கு ஒன்றுமாக யாப்பை மாற்றி மாற்றி நாடகம் நடத்தும் வித்தையை அந்நூலைப்போல் கற்பிப்பது வேறில்லை. யவனக் குழுப்பாட்டைத் தமிழாக்கப் புகுவோர் லண்டன் பதிப்புகளைப் புரட்டுமுன் குற்றாலச் சிங்கியின் கண்ணிகளைப் பாடிப் பழகுவது பயனுடையது.

மனோன்மணீயம்

பெ. சுந்தரம் பிள்ளை (1855–1897) ஆலப்புழையில் பிறந்து, திருநெல்வேலியில் சில காலம் ஆசிரியப் பணியில் இருந்து, பின்னர்த் திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக விளங்கியவர். அவர் 1891இல் வெளியிட்ட ‘மனோன்மணீயம்’ ஐந்து அங்கமும் இருபது களமும் கொண்டு, பெரும்பகுதி ஆசிரியப்பாவால் நடக்கும் நாடகம். மூலம் லிட்டன் பிரபு 1866இல் வெளியிட்ட ‘மிலேத்தஸின் மறைந்த கதைகள்’ என்ற தொகுதியில் உள்ள ‘இரகசிய வழி’ என்பதாகும். இந்த லிட்டன், பின்னாளில் இந்தியாவில் ராஜப்பிரதிநிதியாயிருந்த லிட்டனுக்குத் தந்தை. இருவரையும் ஒருவராக்கி எழுதுவது இன்றும் நின்றபாடில்லை.

மிலேத்தஸ் யவனரின் பழைய துறைமுக நகரம். மறைந்துபோன அந்நகரத்துக் கதைகளின் சாயலில், யவன யாப்பை நினைவூட்டும் இயைபற்ற செய்யுள்களால் லிட்டன் அத்தொகுதியைப் புனைந்தார். ‘இரகசிய வழி’க்கு வேர், அலெக்சாந்தரின் அரண்மனை அதிகாரியாயிருந்த காரெஸ் சொன்னதாக அதீனியஸ் என்னும் யவன நூலாசிரியர் எடுத்தெழுதிய ஒரு கதை. அரசகுமாரி ஒருத்தியும் தொலை நாட்டு வேந்தன் ஒருவனும் ஒருவரையொருவர் கண்டறியாமலே கனவில் காண்கின்றனர். தந்தை ஏற்பாடு செய்த விருந்தில், விரும்பியவனுக்குக் கிண்ணத்தில் மது வார்த்துக் கொடுக்குமாறு அவள் பணிக்கப்படுகிறாள். கிண்ணத்தோடு கலங்கி நிற்கும் வேளையில் கனவில் வந்தவனே எதிரே நிற்கிறான்.

சுந்தரனார் கைக்கு வந்தபோது அரசகுமாரி பாண்டியன் ஜீவகன் மகள் மனோன்மணியானாள். வேந்தன் சேரன் புருடோத்தமனானான். பகைக்கு நாஞ்சில் நாடு காரணமாயிற்று. களம் மதுரையினின்று திருநெல்வேலிக்குத் தலைநகரை மாற்றிக்கொண்ட பாண்டிய அரண்மனையாயிற்று. சுந்தர முனிவர் அமைத்த சுருங்கை வழியே, துரோகியான மந்திரி குடிலனைத் தளையிட்டுக்கொண்டு நள்ளிரவு மணப்பந்தலுக்குள் சேரன் புகும்போது, மனோன்மணி கையில் இருப்பது மதுக்கிண்ணமன்று, மணமாலை. கிண்ணம் மாலையான அந்த ஒரு மாற்றத்தில் செய்யுளாக்கத்தின் இரகசியம் முழுதும் அடங்கியிருக்கிறது. நம் பெண் ஒருத்தி சபையில் மது வார்ப்பதைத் தமிழ்ச் செவி பொறாது. மாலையோ சுயம்வரம் கேட்டு வளர்ந்த நமக்கு உரையின்றியே விளங்கும்.

மனோன்மணீயம் மணத்தில் முடிவதால் துன்பியலன்று. நடித்தற்கன்றிப் படித்தற்கென்றே இயற்றப்பெற்றது. 1942இல் மாடர்ன் தியேட்டர்ஸார் அதனைத் திரைப்படமாக்கினர். சோகமே முடிவாகத் தமிழில் செய்யுள் நாடகம் அமைத்தவர் ‘மானவிஜயம்’ (1902) பாடிய வி.கோ. சூரியநாராயண சாஸ்திரியார். வடமொழி நாடக நூலார் துக்க முடிவை விலக்கியிருந்தமையால் அது துணிவான செயல். ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு வைத்து ஆராய்ந்த விபுலாநந்த அடிகளின் ‘மதங்க சூளாமணி’ 1926இல் வந்தது.

வட்டத்தொட்டி

ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954) தென்காசியைச் சேர்ந்தவர். வழக்கறிஞராயும் அறநிலைய ஆணையராயும் இருந்து ஓய்ந்து, குற்றாலத்தில் குடியேறினார். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவர் வீட்டு வட்டமான தொட்டிக்கட்டில் மாலை வேளைகளில் கூடிய நண்பர் குழு, அவரோடு குற்றாலத்துக்கும் வந்தது. வட்டக் களத்திலே யவனக் குழுவினர் பாடியதையும் இவ்வட்டத்தொட்டியையும் ஒருங்கே எண்ணுவது வெறும் வேடிக்கையன்று; இரண்டிடத்தும் செய்யுள் கண்ணுக்கு உரியதாயிராமல் வாய்க்கும் செவிக்கும் உரியதாயிருந்தது. ஒரு கம்பன் பாட்டை மெல்ல மெல்லப் பிரித்துச் சொல்லி, தாளம் விழும் இடத்தில் நின்று, பாவம் ஹிருதயத்தில் ஏறும்வரை திரும்பச் சொல்வது முதலியாரின் முறை. செவிக்குப் பொருந்தாத கம்பன் பாடல்களை இடைச்செருகலென்று அவர் ஒதுக்கியதற்காகப் புலவர்கள் சினந்தார்கள்; செவியுடையார் அவர் பக்கமே நின்றனர்.

இச்சபையில் பழகியவர்களுள் ராஜாஜி சோக்ரதரைப் பற்றித் தமிழில் எழுதியவர். பேராசிரியர் அ. சீனிவாசராகவன், கல்கி, மீ.ப. சோமு, தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான் ஆகியோரும் இக்குழுவைச் சார்ந்தவர்கள். துன்பியல் நாடகத்தை நேரே கையில் எடுத்தவர் நீதிபதி எஸ். மகராஜன்; ஹாம்லெட், லியர், மாக்பெத் ஆகிய ஷேக்ஸ்பியர் நாடகங்களை அவர் தமிழாக்கினார். நேராக யவன மூலத்துக்குச் செல்லாமல், அம்மரபின் ஆங்கிலக் கிளையையே இக்குழு பற்றிற்று. சாரல் காலத்துக் குற்றாலத்தில், பேரருவியின் இரைச்சலை மீறி ஒரு வாக்கியம் எதிரிலிருப்பவன் காதில் விழ வேண்டுமானால் அதில் எதுகையும் நிறுத்தமும் எவ்வளவு உதவும் என்பதை அங்கே ஒரு நாழிகை நின்று பேசிப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

இக்காலம்

திருநெல்வேலியில் 1990இல் சுந்தரனார் பெயரால் பல்கலைக்கழகம் ஏற்பட்டது. 1964இல் தொடங்கிய குற்றாலம் ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி அதனோடு இணைந்துள்ளது. தென்காசி 2019இல் தனி மாவட்டமாயிற்று.