மனம் நிற்கும் இடம்

1594. கியோட்டோவுக்கு வடக்கே தகாகமினே என்ற இடம். மரவாளை ஓங்கி நிற்பவர் தொகுகவா இயெயாசு. இன்னும் ஒன்பது ஆண்டுகளில் ஜப்பானை ஆளும் ஷோகுன் பட்டம் அவருக்கு வரப்போகிறது. எதிரே யாகியூ முனெயோஷி. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கையில் எதுவும் இல்லை. இயெயாசு வெட்ட வந்த வேகத்தில் கிழவர் உள்ளே புகுந்தார். வாள் கைமாறியது. இயெயாசு பின்னால் தள்ளாடினார்.

அன்றே தம்மைச் சீடராக ஏற்கும்படி இயெயாசு உறுதிமொழி எழுதிக் கொடுத்தார். முனெயோஷி தம் முதுமையைக் காரணம் காட்டி ஒதுங்கிக்கொண்டு, கூட வந்திருந்த ஐந்தாவது மகனைக் கைகாட்டினார். அவர்தான் இந்த வாரம் நாம் பார்க்கப்போகும் முனெநோரி. அப்போது வயது 23.

கிழவரின் அந்த வித்தைக்கு 'முதோ' என்று பெயர். வாளில்லாமை என்று பொருள். அதை ஒரு கேள்வியாக அவரிடம் விட்டுச் சென்றவர் கமியிசுமி நொபுத்சுனா. 1563இல் நாராவில் நடந்த போட்டியில் முனெயோஷி தோற்றார். மீண்டும் மோதியும் தோற்றார். தோற்ற கையோடு வென்றவரைத் தம் யாகியூ கிராமத்துக்கே அழைத்துப் போய் விருந்தினராக வைத்துக்கொண்டு கற்கத் தொடங்கினார். வாளில்லாதவன் வாளை எப்படி வெல்வது என்பதைக் கண்டுபிடி என்று சொல்லிவிட்டு ஆசான் புறப்பட்டார். 1565இல் அவர் திரும்பி வந்தபோது சீடரிடம் விடை இருந்தது. ஆசானின் ஷின்காகே வாள் மரபு அவர் கைக்கு வந்தது.

கமியிசுமி செய்த இன்னொரு காரியம் எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுகிறது. அதுவரை பயிற்சி என்றால் மரவாள். பட்டால் எலும்பு முறியும். ஆகவே அடி உடம்பைத் தொடும் முன்பே நின்றுவிட வேண்டும். அவர் மூங்கிலை நுனியில் பிளந்து, மேலே தோலுறை மாட்டி, அரக்குப் பூசினார். இனி அடியை நிறுத்த வேண்டியதில்லை. உயிர்ச்சேதமில்லாமல் உண்மையாகவே அடிக்கலாம், உண்மையாகவே அடி வாங்கலாம்.

அடி வாங்குவது யார் என்பதும் கவனிக்க வேண்டியது. ஜப்பானின் பழைய வாள் மரபுகளில் 'கதா' எனப்படும் பயிற்சி இருவர் சேர்ந்து செய்வது. எந்த அசைவுக்கு எந்த மறுஅசைவு என்பது முன்பே வகுக்கப்பட்டிருக்கும். தோற்கும் பக்கத்தை ஏற்பவர் ஆசான். வெல்லும் பக்கம் மாணவனுக்கு. ஒவ்வொரு நாளும் ஆசான் வெட்டுப்பட்டு வெட்டுப்பட்டுத்தான் மாணவன் வளர்கிறான். வெட்ட வேண்டிய சரியான நொடியையும் தூரத்தையும் காட்டிக் கொடுக்க முதிர்ந்தவரால்தான் முடியும் என்பது காரணம். எத்தனை அழகான ஏற்பாடு!

முனெநோரி இயெயாசுவின் மகன் ஹிதெததாவுக்கும் பேரன் இயெமித்சுவுக்கும் ஆசானானார். ஆனால் மனம் எங்கே நிற்க வேண்டும் என்ற கேள்வியை அவருக்குள் எழுப்பியவர் வாள் ஏந்தாத ஒருவர்: ஜென் துறவி தகுவான். 1629இல் ஷோகுன் ஆட்சியை எதிர்த்து வாதாடியதற்காக வடக்கே நாடு கடத்தப்பட்டவர். 1632இல் அவர் மன்னிக்கப்படுவதற்கு முனெநோரியும் பரிந்து பேசினார்.

தகுவான் நண்பருக்கு எழுதிய நீண்ட கடிதத்தின் பெயரே விசித்திரமானது: அசையாத ஞானத்தைப் பற்றியது. தீப்பிழம்புகளுக்கு நடுவே வாளோடு நிற்கும் ஃபுதோ என்ற தெய்வத்தின் பெயரிலிருந்து அது வருகிறது. அந்தத் தெய்வத்தின் வடமொழிப் பெயர் அசலர். அருணாசலத்தில் நாம் சொல்லும் அதே அசலம்தான். ஆனால் அசையாமை என்றால் கல்போல் கிடப்பது அல்ல என்கிறார் தகுவான். மனம் எங்கும் ஓடலாம். எதிலும் நின்றுவிடக் கூடாது. எதிரியின் வாளில் மனம் நின்றால் அந்த வாள் உன்னைப் பிடித்துக்கொள்ளும். உன் வாளில் நின்றால் அதுவும் அப்படியே. ஆயிரம் கைகள் கொண்ட கன்னோன் என்ற தெய்வம், வில் பிடித்த ஒரு கையில் மனத்தை வைத்துவிட்டால் மற்ற 999 கைகளும் வீண். எங்கும் வைக்காத மனம் உடம்பு முழுதும் நிறைந்திருக்கும்.

1632இல் முனெநோரி எழுதிய 'ஹெய்ஹோ கதென்ஷோ'வில் இந்தச் சிந்தனை வாள்காரனின் மொழிக்கு மாறுகிறது. அவர் நோய்களைப் பட்டியலிடுகிறார். வெல்ல வேண்டும் என்ற நினைப்பு நோய். கற்ற வித்தையைக் காட்ட வேண்டும் என்ற நினைப்பு நோய். இந்த நோய்களை எல்லாம் போக்கிவிட வேண்டும் என்று அதையே நினைத்துக்கொண்டிருப்பதும் நோய்!

1636இல் முனெநோரி 10,000 கொகு நெல் வருவாய் கொண்ட பிரபு. வாள் ஆசான் ஒருவர் அந்த உயரத்துக்குப் போவது அபூர்வம். தகுவானோ நண்பரின் உயரத்தைப் பார்த்து மயங்கவில்லை. அந்தக் கடிதத்தின் கடைசியில், தத்துவமெல்லாம் முடிந்த பிறகு, நேராக நண்பரிடமே திரும்புகிறார். உமக்கு 'நோ' நாடக நடனத்தில் பெருமை அதிகம். பிரபுக்கள் முன்னால் வலியப் போய் ஆடிக் காட்டுகிறீர். பரிசு கொண்டுவருபவரிடம் பட்சம் காட்டுகிறீர். மகன் நடத்தை சரியில்லை என்றால் முதலில் உம்மைத் திருத்திக்கொள்ளும்.

1646இல் சில மாத இடைவெளியில் இருவரும் மறைந்தார்கள். கடிதம் பிழைத்தது. அந்தக் கண்டிப்பும் அதில் அப்படியே இருக்கிறது.

(தொடரும்)